பேச்சுக்கல்லும் சித்தேரிப்பட்டு பஸ்ஸும்

மனித குலம் ஐயாயிரம் ஆண்டுகளாகச் செய்துவந்த மாபெரும் தவறு ஒன்று, கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு இப்பால், மரவள்ளிக் காட்டை ஒட்டிய மூன்றரை ஏக்கர் நிலத்தில், வைகாசி மாதம் ஒரு புதன்கிழமை காலையில் முடிவுக்கு வந்தது. அன்றுமுதல் யாரும் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கச்சிராயபாளையம் ரோட்டுப் புளியமரத்தில் கட்டிய பிளக்ஸ் பேனர் மூலம் இந்தச் செய்தி உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. உலகம் அந்த வழியாகக் கரும்பு லாரியில் போய்க்கொண்டிருந்தது. நின்று படித்தவர் செல்லமுத்து ஒருவர்தான்.

‘ஊற்றுக்கண் சுயகற்றல் வெளி. பாடம் இல்லை. பரீட்சை இல்லை. மணி இல்லை. அடி இல்லை. ஆசிரியரே இல்லை’ என்று இருந்தது. அதற்குக் கீழே மாதக் கட்டணம் மட்டும் இருந்தது.

செல்லமுத்துவின் முட்டிகளுக்கு ஒரு வரலாறு உண்டு. அஞ்சாங்கிளாஸில் ஏழெட்டு எவ்வளவு என்று தெரியாமல் பள்ளிக்கூட வாசலில் ஜல்லிமேல் முட்டி போட்டவர், இண்டர்வெல் மணி அடித்ததும் எழுந்து நேராக மாடு மேய்க்கப் போய்விட்டார். இன்றைக்கு அவருக்குச் சொந்தமாக டிராக்டர் இருக்கிறது, மக்காச்சோளம் போடுகிறார். ஆனால் யாராவது ஏழு, எட்டு என்று அடுத்தடுத்துச் சொன்னால் இன்னும் முட்டி வலிக்கும். ஆகவே ‘அடி இல்லை’ என்ற வரியில் டிராக்டரை ஓரங்கட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த ஆறு வயது மகள் கண்ணகியின் முட்டிகளை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். முடிவு செய்துவிட்டார்.

நிறுவனர் பெயர் காசிநாதன். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்துவிட்டு வந்தவர். கதர் ஜிப்பா, ஜோல்னாப் பை, வெறுங்கால். அவரை நிறுவனர் என்று சொல்லக் கூடாது. ‘மூத்த மாணவர்’ என்று சொல்ல வேண்டும். அங்கே வேலை பார்த்தவர்களுக்கு ‘உடன்வியப்பாளர்’ என்று பெயர். குழந்தை எதைப் பார்த்து வியக்கிறதோ அதைப் பார்த்துத் தாமும் வியப்பது அவர்கள் உத்தியோகம். காலை ஒன்பது முதல் மாலை நாலரை வரை வியப்பார்கள். இடையில் ஒரு டீ.

“உங்கள் மகளை ஏன் இங்கே சேர்க்க விரும்புகிறீர்கள்?” என்று கேட்டார் காசிநாதன்.

“படிக்கத்தாங்க.”

உடன்வியப்பாளர் ஒருவர் வலி தாங்காதவர்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

“படிப்பு என்பது ஒரு வன்முறை, செல்லமுத்து. நீங்கள் விவசாயி. விதைக்கு முளைக்கச் சொல்லிக்கொடுக்கிறீர்களா?”

“இல்லீங்க. தண்ணி வுடுவேன், உரம் போடுவேன், களை எடுப்பேன். காட்டுப்பன்னி வராம ராவெல்லாம் காவல் இருப்பேன்.”

“அதையெல்லாம் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். விதை என்ன செய்கிறது என்று தெரியும்.”

என்ன செய்யும் என்று செல்லமுத்துவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அமெரிக்கா வரை போய்வந்த மனிதரிடம் அதைச் சொல்வது மரியாதையாக இருக்காது. சேர்த்துவிட்டார்.

ஊற்றுக்கண்ணில் நாள் வட்டத்தோடு தொடங்கும். எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்ததும் காசிநாதன் தம் ஜோல்னாப் பையிலிருந்து பேச்சுக்கல்லை எடுப்பார். கோமுகி ஆற்றில் பொறுக்கிய, இட்லி அளவுக் கல். யார் கையில் கல் இருக்கிறதோ அவர்தான் பேசலாம். மற்றவர்கள் இருமக்கூடக் கூடாது. ஒருமுறை சின்னராசு என்ற நாலு வயதுப் பையன் கல்லை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான். மதியச் சோறு ஆறிப்போகும்வரை மொத்தப் பள்ளியும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நடுவில் ஒரு சாரைப்பாம்பு வட்டத்துக்குள் புகுந்து, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வெளியே போனது. பார்த்தவர்கள் யாரிடமும் கல் இல்லை.

“நம் வட்டத்தில் இதுவரை நிகழ்ந்த உரைகளில் ஆழமானது சின்னராசு ஆற்றியதுதான்,” என்று காசிநாதன் மறுநாள் குறிப்பிட்டார்.

கல்லுக்கு அடுத்தபடியாக அங்கே இருந்த பெரிய சட்டம், சொல்லக் கூடாது என்பது. குழந்தைக்கு எதையும் சொல்லிவிடக் கூடாது. கமலா என்ற உடன்வியப்பாளர் இதில் ஒருமுறை மாட்டிக்கொண்டார். பி.எட். படித்ததை மறைத்து வேலைக்குச் சேர்ந்த பெண் அவர். வேலியோரம் கட்டியிருந்த எருமையைக் காட்டி ஒரு பையன், “அக்கா, இது முட்டுமா?” என்று கேட்டிருக்கிறான். கமலா யோசிக்காமல், “முட்டும்டா, கிட்ட போவாத,” என்று சொல்லிவிட்டார்.

விசாரணை வட்டம் கூடியது.

“அந்தக் குழந்தையின் கண்டுபிடிப்பைத் திருடிவிட்டீர்கள், கமலா,” என்றார் காசிநாதன். “நீங்கள் சும்மா இருந்திருந்தால் அவனே தானாகக் கண்டுபிடித்திருப்பான்.”

கல் கமலாவிடம் வந்தது. “கண்டுபுடிச்சிருப்பான்ணா. அதனாலதான் சொன்னேன்.”

ஒரு வாரம் அவர் எதைப் பார்த்தும் வியக்கக் கூடாது என்று தண்டனை விதிக்கப்பட்டது. தண்டனை என்ற சொல் அங்கே கிடையாது என்பதால் அதற்கு ‘உள்நோக்கிய வாரம்’ என்று பெயர்.

இப்படி இரண்டு வருஷம் போனது. கண்ணகி நன்றாக மரம் ஏறினாள். களிமண்ணில் யானை செய்தாள். எறும்பு வரிசையை அரை நாள் உட்கார்ந்து பார்த்தாள். “இதுக்கெல்லாம் நம்ம வூட்ல துட்டு கேட்டதே இல்லியே,” என்று அவள் அம்மா சாலம்மாள் அவ்வப்போது சொல்வாள். செல்லமுத்து காதில் வாங்க மாட்டார். மகள் முட்டியில் ஒரு கீறல் இல்லை. மரம் ஏறியதில் வந்ததைத் தவிர.

அப்போதுதான் காதுகுத்து வந்தது.

செல்லமுத்துவின் தங்கை பாப்பாத்தியைத் தியாகதுருகத்துக்கு உள்ளே தள்ளி சித்தேரிப்பட்டில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மூத்த பையனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், முகூர்த்தம் ஒன்பதரைக்குள். சாலம்மாள் முதல்நாளே போய்விட்டாள். செல்லமுத்து சீர்த்தட்டுகளோடும் கண்ணகியோடும் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றார். தட்டுகளைப் பைக்கில் கட்டிக்கொண்டு போனால் பழம் போய்ச் சேரும், கௌரவம் வழியிலேயே இறங்கிவிடும். அன்று நல்ல நாள் என்பதால் ஆட்டோக்களெல்லாம் அவரவர் கல்யாணத்துக்குப் போயிருந்தன. சித்தேரிப்பட்டுக்கு டவுன் பஸ் எட்டரைக்கு ஒன்று. விட்டால் பத்தரைக்கு.

“தட்ட பாத்துக்கோ. சித்தேரிப்பட்டு போர்டு போட்ட வண்டி வந்தா ஒரு கொரல் குடு,” என்று சொல்லிவிட்டு மாலை வாங்கப் போனார். திரும்பி வந்தபோது தட்டுகள் பத்திரமாக இருந்தன.

“வண்டி இன்னும் வர்ல?”

“செவப்பா ஒண்ணு வந்துச்சிப்பா. அப்பால பச்சையா ஒண்ணு. பச்சைல டிரைவரு தும்மிக்கினே ஓட்னாரு.”

“பச்சைல போர்டுல இன்னா எழுதியிருந்துச்சி?”

“எழுதியிருந்துச்சி,” என்றாள் கண்ணகி.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பையன் காதில் தோடும் வாயில் லட்டும் இருந்தன. செல்லமுத்துவின் பெரியப்பா மகன் பச்சமுத்து, மாமன் இடத்தில் மணையில் உட்கார்ந்து, மடியில் பையனோடு போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான்.

“எட்டு வயசு புள்ளைக்குப் பஸ் போர்டு படிக்கத் தெரிலியா? இன்னாண்ணா ஸ்கூலு அது?” பாப்பாத்தி பந்தியில் எல்லோருக்கும் கேட்கும்படிக் கேட்டாள். “பங்குனில சின்னவனுக்குக் குத்தறோம். அதுக்கும் லேட்டா வந்தீன்னா, ரெண்டு புள்ளைக்கும் பச்சமுத்துதான் மாமன். சொல்லிட்டேன்.”

“வர்லன்னாலும் பரவால்லண்ணா, நான் இருக்கேன்,” என்றான் பச்சமுத்து. அதுதான் செல்லமுத்துவுக்கு ரசத்தை இறங்கவிடாமல் செய்தது.

மறுநாள் அவர் ஊற்றுக்கண் வட்டத்தில் உட்கார்ந்திருந்தார். கல் வந்ததும் நடந்ததைச் சொன்னார். காசிநாதனின் கண்கள் கலங்கிவிட்டன.

“கவனித்தீர்களா? நீங்கள் பேருந்தின் பெயரைப் பார்க்கிறீர்கள். அவள் பேருந்தையே பார்க்கிறாள்!”

“ரெண்டு பேரும் பஸ்ஸ வுட்டுட்டோம்ங்க.”

“நீங்கள் விட்டீர்கள். அவள் அடைந்தாள்.”

கண்ணகி கையை நீட்டிக் கல்லை வாங்கினாள். “எனக்கு எழுத்து சொல்லிக் குடுங்கண்ணா.”

வட்டம் அதிர்ந்தது. காசிநாதன் கல்லைத் திரும்ப வாங்கி, அவள் கண்ணுக்குள் நெடுநேரம் பார்த்தார். “இது உன் குரலா, உன் அப்பாவின் குரலா?”

“என் கொரல்தான்.”

“உள்ளே புகுந்துவிட்ட அப்பாவின் குரல் அப்படித்தான் சொல்லும்.”

“அப்பா கொரலு கட்டையா இருக்கும்ணா,” என்றாள் கண்ணகி. கையில் கல் இல்லாததால் இது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

ஆனாலும் ஊற்றுக்கண் குழந்தையின் விருப்பத்தைப் புறக்கணிக்கும் இடமல்ல. ‘பேருந்தாதல்’ என்று ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. ஒரு மாதம் குழந்தைகள் வரிசையாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு மரவள்ளிக் காட்டைச் சுற்றி ஓடினார்கள். உடன்வியப்பாளர்கள் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார்கள். பேருந்தை உள்ளிருந்து உணர்ந்துவிட்டால் அதன் நெற்றியில் உள்ள எழுத்து தானாகத் துலங்கும் என்பது கோட்பாடு. மாதக் கடைசியில் கண்ணகிக்கு ஹாரன் அடிக்க நன்றாக வந்தது.

கார்த்திகையில் செவ்வந்தி வந்து சேர்ந்தாள். பள்ளி வேன் டிரைவரின் மகள். கட்டணம் இல்லாமல் சேர்த்துக்கொண்டார்கள். அதற்குமுன் சர்க்கார் பள்ளியில் மூணாங்கிளாஸ் லீடராக இருந்தவள். முதல் நாள் முழுக்க அந்த இடத்தைச் சுற்றிப் பார்த்தாள். பெஞ்சு இல்லை, போர்டு இல்லை, அடக்கி வைக்க ஆள் இல்லை. இவ்வளவு பிள்ளைகள் சும்மா கிடந்து வீணாவதை ஒரு லீடரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மறுநாள் ஆட்டுக் கொட்டகையின் பின்சுவரில் அடுப்புக்கரியைப் பூசினாள். பழைய கலப்பை வட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாள். கல்லால் அடித்தாள்.

டங்!

மணி இல்லாத பள்ளியின் எல்லாப் பிள்ளைகளும் ஓடி வந்தார்கள்.

“லைன்ல நில்லு! இன்னாடா அங்க சிரிப்பு? கை கட்டு, வாய் பொத்து!”

இதைவிட நல்ல விளையாட்டை அந்தப் பிள்ளைகள் கண்டதே இல்லை. முட்டி போட அடித்துக்கொண்டார்கள். வீட்டுப்பாடம் கொடுக்கச் சொல்லி அழுதார்கள். சின்னராசு தினமும் லேட்டாக வந்து, வெளியே நிற்க வைக்கும்படி கேட்டுக்கொண்டான்.

செவ்வந்தி சுவரில் ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டுக் கீழே எழுதினாள். கண்ணகி எட்டிப் பார்த்தாள்.

“அது இன்னாடி கோடு கோடா?”

“உன் பேரு. நீதான பேசிக்கினே இருக்க.”

கண்ணகி தன் பெயரை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். மறுபடி பார்க்க வேண்டும் என்பதற்காகவே மறுநாள் இன்னும் அதிகமாகப் பேசினாள். செவ்வந்தி லீடர் வழக்கப்படி பெயருக்குப் பக்கத்தில் ‘அடங்கவில்லை’ என்று சேர்த்தாள். அதற்கடுத்த நாள் ‘மிக’ சேர்ந்தது. அப்புறம் இன்னொரு ‘மிக’. கண்ணகி வாழ்க்கையில் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் வாக்கியம்: ‘கண்ணகி மிக மிக அடங்கவில்லை.’ அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் டீக்கடைப் பலகை, உர மூட்டை, பஸ் பின்கண்ணாடி எல்லாவற்றையும் கத்திப் படித்துக்கொண்டு போனாள். செல்லமுத்து டிராக்டரை நிறுத்திவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

இதற்கிடையே வட்டத்தில் காசிநாதனும் உடன்வியப்பாளர்களும் மட்டுமே மிஞ்சியிருந்தார்கள். கல் வேகமாகச் சுற்றியது. “தடை செய்யலாம்தானே அண்ணா?” என்று ஒருவர் கேட்டார்.

“தடை என்பது வன்முறை,” என்றார் காசிநாதன். “இங்கே குழந்தைகளே வழிநடத்துகிறார்கள். நாம் பின்தொடர்கிறோம். எங்கே போகக் கூடாது என்பதை மட்டும்தான் நாம் முடிவு செய்கிறோம்.”

நேரில் கவனிக்கப் போனார். கொட்டகைக்குப் பின்னால் தலையை நீட்டியதும் செவ்வந்தி திரும்பினாள்.

“உள்ள வரலாமா மிஸ்னு கேளுங்க.”

அவரது கொள்கையே அவரை மாட்டிவிட்டது. குழந்தை வழிநடத்துகிறது. “உள்ளே வரலாமா மிஸ்?”

“இன்னா லேட்டு? வெளிய நில்லுங்க.”

நின்றார். பத்து நிமிஷம் பொறுத்தார். பிறகு, கற்றல் என்பது அடிப்படையில் ஒரு விடுதலை என்று தொடங்கினார். சுவரில் அவர் பெயர் ஏறியது. விடுதலை என்றால் என்ன என்று விளக்கினார். ‘அடங்கவில்லை’ சேர்ந்தது. உரை முடிந்தபோது ‘மிக’ போட இடமில்லாமல் செவ்வந்தி பக்கத்துச் சுவருக்குப் போயிருந்தாள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் தை மாதம் சுயகற்றல் பேரவையின் பார்வைக் குழு சென்னையிலிருந்து வந்துவிட்டது. தலைவி முனைவர் ராஜாம்பாள். அவர் கார் கதவைத் திறந்த நொடியில் டங் என்று மணி அடித்தது. காசிநாதன் முகம் வெளுத்தது. குழுவினர் சத்தம் வந்த திசையில் நடந்து, கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றார்கள். பிள்ளைகள் கை கட்டி, வாய் பொத்தி, ஏழாம் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். இருவர் முட்டி போட்டிருந்தார்கள்.

ராஜாம்பாள் கைக்குட்டையை எடுத்தார். “அற்புதம்! பள்ளி என்னும் கொடுங்கோன்மையைக் குழந்தைகளே பகடி செய்கிறார்கள்! ஒப்பிக்கும்போது அந்த உயிரற்ற குரலைக் கவனியுங்கள். என்ன ஒரு கசப்பான நையாண்டி!”

“பேசாதீங்க மிஸ். பேரு எழுதிடுவேன்,” என்றாள் செவ்வந்தி.

குழு எழுந்து நின்று கைதட்டியது. ஏற்கெனவே நின்றுகொண்டிருந்ததால் நுனிக்காலில் நின்று தட்டியது.

காசிநாதன் சற்றும் தயங்காமல், “எங்கள் நெடுநாள் உழைப்பு,” என்றார்.

அந்த ஆண்டின் சிறந்த மாற்றுவெளிக்கான கேடயம் ஊற்றுக்கண்ணுக்குக் கிடைத்தது. அதன்பின் பார்வையாளர்கள் வர ஆரம்பித்ததால் ‘பகடிப் பள்ளி’ முறைப்படுத்தப்பட்டது. தினமும் பத்து மணிக்கு ஒத்திகை. வருகைப் பதிவு உண்டு. வசனத்தைக் காசிநாதனே எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னார். தப்பாகச் சொன்னவர்கள் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில் பிள்ளைகள் கொட்டகைப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டு எறும்பு பார்க்கப் போய்விட்டார்கள். செவ்வந்தி பழைய பள்ளிக்கே திரும்பினாள்.

“ஏம்மா போய்ட்ட?” என்று, அவள் அப்பாவின் வேனில் உட்கார்ந்திருந்தவளைச் செல்லமுத்து கேட்டார்.

“நெஜமா சொல்லிக் குடுத்தா நடிப்பு வர்லன்னு திட்றாரு மாமா.”

பங்குனி வந்தது. அதே பஸ் ஸ்டாண்டு, அதே சீர்த்தட்டு. மணி எட்டே கால். இந்தத் தடவை மாலை முன்கூட்டியே வாங்கியாகிவிட்டது. “நான் பாக்கவே மாட்டேன். நீயே போர்டு படிச்சிச் சொல்லு,” என்று செல்லமுத்து பெருமையோடு ரோட்டுக்கு முதுகைக் காட்டித் தட்டுகளோடு நின்றார். பச்சமுத்து முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

எதிரே, சேலம் வண்டி நிற்கும் இடத்தில், காசிநாதன் ஒரு தகரப் பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒட்ட முடி வெட்டிய, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்த பையன்.

“வணக்கங்க. பையனுங்களா?” என்றபடி செல்லமுத்து தட்டுகளோடும் மகளோடும் அங்கே போனார்.

காசிநாதன் பெட்டியைத் தன் ஜிப்பாவுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். ஜிப்பா போதவில்லை. பெட்டிமேல் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்ததைக் கண்ணகி உரக்கப் படித்தாள். “கா. முகிலன். பன்னிரண்டாம் வகுப்பு. விடுதி.”

“நாமக்கல் பக்கம் ஒரு ஸ்கூலுங்க,” என்றான் பையன்.

காசிநாதன் ஜோல்னாப் பைக்குள் கையை விட்டார். “நாம் ஒரு சிறு வட்டம் அமைப்போம்.”

நாலு பேரும் வட்டமாக நின்றார்கள். கல் வெளியே வந்ததும் செல்லமுத்து வழக்கப்படி வாயை மூடிக்கொண்டார்.

“தவறாக எண்ணக் கூடாது,” என்று காசிநாதன் தொடங்கினார். “சுதந்திரம் எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது. ஆனால் எல்லாக் குழந்தைகளுக்கும் அது தேவைப்படுவதில்லை. உங்கள் மகளுக்கு மண் இருக்கிறது, மரம் இருக்கிறது, எறும்பு இருக்கிறது. என் மகன் பாவம், டாக்டர் ஆக வேண்டியிருக்கிறது. அவனை நான் வற்புறுத்தவில்லை. நான்கு வழிகளைக் காட்டினேன், அவன் சுதந்திரமாக அழுதான், அந்த அழுகைக்குள் இருந்த சம்மதத்தை நான் கேட்டேன்…” பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. காசிநாதன் குரலை உயர்த்தி, வேர் என்பது வேறு, கிளை என்பது வேறு என்று விளக்கினார். கண்ணகி ஒருமுறை ரோட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, கல்லையே பார்த்தபடி ஒற்றைக் காலில் நின்று, கால் மாற்றி நின்றாள்.

கல் பையனிடம் போனது. “அங்க ஞாயித்துக்கெழமகூட டெஸ்ட்டுங்க,” என்று சொல்லிவிட்டுக் கல்லைச் செல்லமுத்துவிடம் கொடுத்தான்.

செல்லமுத்து தட்டுகளை ஒரு கைக்கு மாற்றிக் கல்லை வாங்கினார். “நல்லா படிப்பா,” என்று சொல்லிக் கல்லை மகளிடம் நீட்டினார்.

கண்ணகி கல்லை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

“சித்தேரிப்பட்டு வண்டி வந்துச்சிப்பா. பூடுச்சி.”

சரியாகத்தான் படித்திருந்தாள்.